மூன்று எண்ணும் நேரம்

சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் என்றாலும், வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இந்த வெற்றிலைச் சாற்றோடு வெளியே வந்து விழட்டும். நம்பாதவர்கள் சூடம் கொளுத்துங்கள், அணைத்துக் காட்டுகிறேன். அணைத்தாயிற்று. இனிமேல் கேளுங்கள்.

"தாயே, என் வாயை எடுத்துக்கிடுங்க" என்றான் வைரக்கண்ணு.

மதகடியாள் நிமிரவில்லை. புளியைக் கல்லில் வைத்துச் சின்னக் கட்டையால் தட்டினாள். கொட்டை தனியாகத் தெறித்தது.

"எட்டு மாசமா சனிக்கிழமை தவறாம வந்து உக்காந்துட்டுப் போறேன். நீங்க இதுக்கு ஒரு பதில் சொல்லலே."

தட். இன்னொரு கொட்டை.

ஏரி மதகை ஒட்டி ஓர் ஓட்டு அறை இருக்கிறது. மதகு திறக்கிறவர் செத்துப்போனபின் அது சும்மா கிடந்தது. அங்கேதான் அவள் வந்து தங்கினாள். எந்த ஊர், யார் பெண்டாட்டி, ஒன்றும் தெரியாது. அவள் வந்த அன்றைக்கு ஏரியில் கிடந்த முதலை வெட்கப்பட்டுக்கொண்டு கொள்ளிடம் வரைக்கும் நடந்தே போய்விட்டது. கால்தடத்தை நானே பார்த்தேன்.

அவளுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். அவனுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் அவன் அவளைத் தாயே என்றான், அவள் அவனை அண்ணே என்றாள். அவன் அவளைக் குருவாக வரித்துக்கொண்டான். அவள் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. பணம் தேவைப்பட்டவன் கிடா வெட்டிச் சோறு போடுவான். வந்தவன் சாப்பிட்டுவிட்டு மொய் வைப்பான். போன தடவை இவனிடம் வாங்கியதைத் திருப்பி வைத்து, அதற்கு மேல் புதிதாகவும் ஒரு தொகை வைக்கவேண்டும். பழசை மட்டும் திருப்பி வைத்தால், இன்றோடு உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். சொல்லவேண்டியதில்லை. மைக் சொல்லும்.

அந்த மைக்தான் வைரக்கண்ணு.

சொந்தமாக ஒலிபெருக்கிக் குழாய் ரெண்டு, ஆம்ப்ளிபயர் ஒன்று. அவன் தொண்டையைச் செருமினால், மூன்று ஊர் தள்ளி வேறொரு விருந்தில் உட்கார்ந்திருந்தவன் பாதி இலையை மடித்துவிட்டு இங்கே ஓடி வருவான். விருந்து வைக்கிறவர்கள் முதலில் இவனிடம் தேதி கேட்டார்கள். சமையல்காரனிடம் அப்புறம்.

அவனுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் பேச்சில் இல்லை. நிறுத்தத்தில் இருந்தது.

பெயரைச் சொல்வான். ஊரைச் சொல்வான். மாமனா மச்சானா என்று முறையைச் சொல்வான். பிறகு நிறுத்துவான். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகுதான் தொகை.

அந்த மூன்று எண்ணும் நேரத்தில் பந்தியில் எலும்பு கடிக்கிறவன் கடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். பறந்து போகிற காக்கை ஆகாயத்தில் அப்படியே நிற்கும். ஒரு காக்கை இப்படி நின்றதில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோய், கீழே இறங்கி எங்கள் ஊரிலேயே குடியேறிவிட்டது. இன்னும் இருக்கிறது.

ஆயிரம் கொண்டு வந்தவனுடைய கை, அந்த நிறுத்தத்துக்குள் மறுபடி சட்டைப் பைக்குள் போகும். வெளியே வரும்போது ரெண்டாயிரமாக வரும்.

போன ஆவணியில் அந்த நிறுத்தத்துக்குள் அவன் தங்கச்சி புருஷன் செம்மலை அகப்பட்டான்.

உரக்கடைத் துரையப்பன் வீட்டு விருந்து. செம்மலை ஐயாயிரம் வைத்தான். அவ்வளவும் பழசு. அந்த வருஷம் மழை இல்லை, அவனிடம் வேறு இல்லை. துரையப்பனிடம் முன்னாலேயே சொல்லியும் வைத்திருந்தான். துரையப்பனும் போகட்டும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோளில் தட்டி அனுப்பியிருந்தார்.

வைரக்கண்ணுவுக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் பழக்கத்தை விடவில்லை.

"என் சொந்த மச்சான் செம்மலை, பழசு ஐயாயிரம். புதுசு..."

ஒன்று. இரண்டு. மூன்று.

பந்தி திரும்பியது. யாரோ இருமினார்கள். வேறு யாரோ, மைக்குக்காரன் மச்சானுக்கே மொய் வறண்டுபோச்சு என்றார்கள். கொஞ்சம் சிரிப்பு. அவ்வளவுதான் நடந்தது.

செம்மலை எழுந்து வெளியே போனான். வாசலில் வட்டிக்குக் கொடுக்கிறவர் ஒருவர் எப்போதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். செம்மலை திரும்பி வந்தபோது கையில் இருபதாயிரம் இருந்தது. தென்னந்தோப்பு அடமானத்துக்குப் போயிருந்தது.

"புதுசு இருபதாயிரம்" என்றான் வைரக்கண்ணு மைக்கில். நிறுத்தாமல் சொன்னான். கைதட்டினார்கள்.

தையில் செம்மலை திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனான். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, போனும் இல்லை. கோசலை, அதுதான் தங்கச்சி, அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அந்த மாதத்திலிருந்துதான் மதகடிக்கு வர ஆரம்பித்தான்.

"ஆவணி கடைசி வெள்ளிக்குள்ள வட்டியோட நாப்பதாயிரம் கட்டணும் தாயே" என்றான் இப்போது. "இல்லேன்னா தோப்பு போயிரும். அவளுக்கு வேற ஒண்ணும் இல்லே. அவ பேருல ஒரு விருந்து வைக்கலாம்னு இருக்கு. நான் மைக்கைப் பிடிச்சா நாப்பது என்ன, எம்பதே வரும். ஆனா இன்னும் எத்தனை செம்மலை வாசலுக்கு எந்திரிச்சுப் போவானுவளோ. பிடிக்கவா, விடவா?"

மதகடியாள் கட்டையைக் கீழே வைத்தாள்.

புளி போட்டு வைக்கிற பானை ஒன்றைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்ததைக் கொட்டித் துடைத்தாள். பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துப் பானை வாயில் இறுக்கிக் கட்டினாள். நடுவில் கத்தியால் ஒரு கீறல். ஒரு கை நுழைகிற அளவு.

பானையை அவன் மடியில் வைத்தாள். கட்டையை எடுத்தாள்.

தட்.

அவன் பானையைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டுக்கோட்டைக்குப் போய் ரெண்டு குழாயையும் ஆம்ப்ளிபயரையும் விற்றான். பத்தாயிரம் கிடைத்தது. அதை முழுசாகத் தங்கச்சி பானையில் போடப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்னான். மைக் இல்லாமலே அது எல்லார் காதுக்கும் போனது.

விருந்து புதன்கிழமை மத்தியானம். கோசலை தன்னுடைய கிடா ரெண்டையும் வெட்டினாள். வாசலில் கொட்டகை. பெயர் சொல்ல ஆள் இல்லை, எழுத ஆள் இல்லை. கொட்டகை ஓரத்தில் மதகடியாள் பானையைக் காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையை உள்ளே விடுங்கள், மனசுக்குப் பட்டதைப் போடுங்கள், பழைய மொய்க் கணக்கு இதில் சேராது, எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லை என்று வைரக்கண்ணு எல்லாரிடமும் தணிந்த குரலில் சொல்லிவைத்தான்.

ஊருக்கு இது புதுசு. சோறு இறங்கவில்லை சிலருக்கு. நாம் போட்டது நாம்தான் போட்டோம் என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றான் வைரக்கண்ணு. அப்படியென்றால் எதற்குப் போடுவது என்று கேட்க வந்தவர், கறியைப் பார்த்துக்கொண்டு வாயை மூடினார்.

வரிசை நகர்ந்தது. கைகள் உள்ளே போயின, வந்தன.

வைரக்கண்ணுவுக்கு முன்னால் உரக்கடைத் துரையப்பன் நின்றார். ஊரில் பெரிய கை. அவர் கை பானைக்குள் போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. சுடுகிற சட்டியைத் தொட்டதுபோல. வேட்டியை உதறிக்கொண்டு வெற்றிலைத் தட்டுப் பக்கம் போய்விட்டார்.

வைரக்கண்ணுவின் கை உள்ளே போனது.

கைக்குள் கட்டு இருந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள் இருபது. பானைக்குள் இன்னும் புளி வாடை. இருட்டு. விரலுக்கு வேறு தாள்கள் தட்டுப்பட்டன. எல்லாம் சின்னத் தாள் மாதிரி இருந்தது. கசங்கலாக இருந்தது.

துரையப்பன் ஒன்றும் போடவில்லை என்று நினைத்தான். அந்த வேகத்துக்கு என்ன போட்டிருக்க முடியும். அவரே போடவில்லை. வந்தவன் எல்லாம் பத்தும் இருபதும் போட்டுவிட்டுப் போகிறான். நான் ஒருத்தன் மட்டும் குழாயை விற்றுக் கொட்டுகிறேன். கொட்டினாலும் நாற்பது வரப்போவதில்லை. வராத பணத்துக்கு என் பணமும் சேர்ந்து வீணாகப் போகவேண்டுமா.

விரல் தானாகப் பிரித்தது. ரெண்டு தாள் கீழே விழுந்தது. மிச்சம் உள்ளங்கையில் சுருண்டு, முழுக்கைச் சட்டைக்குள் ஏறிக்கொண்டது.

கையை எடுத்தான்.

மதகடியாள் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஊர் பார்க்கப் பானையை உடைத்தார்கள். கோசலைதான் உடைத்தாள். ஓட்டுக்கு நடுவில் தாள்கள் குவிந்து கிடந்தன.

எண்ணினார்கள். முப்பத்து மூவாயிரத்து நானூறு.

பத்து ரூபாய்த் தாள் இருந்தது, சட்டைப் பித்தான் மூன்று இருந்தது, செல்லாத பழைய தாள் ஒன்றும் இருந்தது. எண்ணூறு எச்சில் இலையை எடுத்துப்போட்ட கிழவிகூட நூறு ரூபாய் முடிந்து போட்டிருந்தாள், அவள் முடிச்சு எல்லாருக்கும் தெரியும். அடியில் ஒரு கட்டு கிடந்தது. ஐயாயிரம். நாலாக மடித்து, உர மூட்டையில் வருகிற நீலச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

வைரக்கண்ணு அந்த நீலச் சணலைப் பார்த்தான். வீட்டிலேயே கட்டி எடுத்து வந்ததைப் போட எவ்வளவு நேரம் ஆகும். துரையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு எங்கேயோ பார்த்தார்.

ஆறாயிரத்து அறுநூறு குறைந்தது.

வைரக்கண்ணுவின் சட்டைக் கைக்குள் ஒன்பதாயிரம் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். வாய் திறந்து அதற்கு என்னவென்று சொல்வது. குழாய் பத்தாயிரத்துக்குப் போனது ஊருக்கே தெரியும். பத்தும் பானையில் விழுந்ததாக ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒன்பதை நீட்டினால், அது எங்கேயிருந்து வந்தது என்று கூட்டத்தில் ஒருவனாவது கேட்பான். கேட்காவிட்டாலும் ஒரு நிமிஷம் பேசாமல் பார்ப்பான்.

அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் எங்கள் தாலுகாவில் கிடையாது.

வியாழக்கிழமை போனது. ராத்திரி யாருக்கும் தெரியாமல் கோசலை வீட்டுக் கதவிடுக்கில் சொருகிவிடலாம் என்று நினைத்தான். யார் போட்டது என்று ஊர் ஆராயும் என்று நினைத்தான். படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வட்டிக்காரரின் ஆட்கள் வந்து தோப்புக்கு முள்வேலி போட்டார்கள். முப்பத்து மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தவணை கொடுங்கள் என்று கோசலை கேட்டாள். தவணை முடிந்துவிட்டது தாயி என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் அவள் ஒரு பையோடு பஸ்ஸுக்கு நின்றாள். திருப்பூருக்குப் போய் அவரைத் தேடிப் பார்க்கிறேன் என்றாள். வைரக்கண்ணு பக்கத்தில் நின்றான். சட்டை மாற்றியிருந்தான். பணம் இடுப்பில் இருந்தது.

பஸ் வந்தது. அவள் படியில் ஏறி நின்று, பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கீழே நின்றவர்களுக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்.

"எங்கண்ணன் வைரக்கண்ணு, குழாயை வித்துப் பத்தாயிரம் போட்டுச்சு."

நிறுத்தாமல் சொன்னாள்.

பஸ் போய்விட்டது.

அவன் மதகடிக்கு வந்தான். உட்காரவில்லை. நின்றபடியே கத்தினான். அந்தக் குரலுக்கு ஏரியில் நீர் ரெண்டு முழம் பின்வாங்கியது. சேறு தெரிந்தது, மீன் துடித்தது. நான் சொன்னேனே, ஒரு எழுத்து பொய் இல்லை.

ஊரைத் திட்டினான். எண்ணூறு பேர் தின்றார்கள், ஒரு கிடாவின் காலுக்குக்கூடப் போடவில்லை என்றான். பித்தானைப் போட்டவனைத் திட்டினான். ஆள் பார்த்தால் இருபதாயிரம், பார்க்காவிட்டால் இருபது ரூபாய், இவனுகளா மனுசன் என்றான். பானையைத் திட்டினான். கடைசியில் அவளையும் திட்டினான்.

"மைக் இருந்திருந்தா என் தங்கச்சி தோப்பு இருந்திருக்கும். நீங்கதான் பானையைக் குடுத்தீங்க."

மதகடியாள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லுங்க தாயே. யாரு பண்ணின பாவம் இது?"

அவள் நிறுத்தினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாந்தானே பானையைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன், அண்ணே" என்றாள். "எல்லாரு கையும் போச்சு, வந்துச்சு. ஒரே ஒரு கைதான் உள்ள போயி நின்னுச்சு."

கட்டையைக் கல்லின் மேல் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு, அண்ணே?"

வைரக்கண்ணு வாயைத் திறந்தான். மூன்று ஊருக்குக் கேட்கும் வாய். மதகுக்கு அந்தப்பக்கம் கேட்காத அளவில் ஒரு சத்தம் வந்தது.

"மூணு எண்ணுற நேரம்."

அவள் கட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

தட்.

இவ்வளவுதான். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதையைக் கேட்டவர்கள் தாராளமாக வெளியே போய்ச் சொல்லுங்கள், ஆனால் சொன்னது இன்னார் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வந்தால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், பேரைச் சொன்னபிறகு நிறுத்தாதீர்கள்.